குறிஞ்சிச் செடியின் வாழிட இழப்பு: முதல், கரு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அகத்திணைகளுள் ஒன்றிற்குப் பெயராக அமைந்த குறிஞ்சி, தென்னிந்திய உயர்மலைப் புல்வெளிகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடியாகும். இச்செடி இன்று வாழிட இழப்பால் நலிந்து வருகிறது. அதன் இயல்பு, வாழிடம், அவ்வாழிடம் சுருங்கிய வரலாறு, காப்பு முயற்சிகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. பொதுமக்கள் கவனமும் அரசின் கவனமும் பெரும்பாலும் பூக்கும் ஆண்டிலேயே குவிகின்றன. நிலமோ பூவாத 11 ஆண்டுகளில் கைநழுவுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அவற்றில் தோன்றுவன கருப்பொருள் என்னும் தொல்காப்பியப் பகுப்பு இச்சிக்கலைத் தெளிவாகக் காண உதவும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குறிஞ்சி, முதற்பொருள், கருப்பொருள், சோலை, மலைப்புல்வெளி, வாழிட இழப்பு, பூப்புச் சுழற்சி.

முன்னுரை

குறிஞ்சி என்றவுடன் தமிழ் பயின்றோர் நினைவில் முதலில் எழுவது புணர்தலும் புணர்தல் நிமித்தமும். அடுத்து மலையும் மலைசார்ந்த இடமும். அதன்பின் சேயோன், தினைப்புனம், யாமம் என்பன. குறிஞ்சி ஒரு செடியின் பெயர் என்பதும், அச்செடி இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதும் பலருக்கு இறுதியாகவே நினைவுக்கு வருகின்றன. திணைப்பெயர் பூவால் அமைந்தது என்று கொள்வாரும், ஒழுக்கத்தின் பெயரே திணைப்பெயர் என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், குறிஞ்சி என்னும் சொல்லுக்கு மண்ணில் வேரூன்றிய ஒரு பொருள் உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அப்பொருள் அருகி வருகிறது என்பது தாவரவியலாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஒரு சொல்லின் பொருள் உலகிலிருந்து மறையுமானால் அச்சொல்லைச் சுமக்கும் இலக்கியமும் ஓரளவு ஊமையாகிறது. இதனைக் கருத்திற்கொண்டு, குறிஞ்சிச் செடி எங்கு எவ்வாறு வாழ்கிறது, அதன் வாழிடம் எதனால் குறைந்தது, இதில் திணைக்கோட்பாடு நமக்குக் கற்பிப்பது என்ன என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கிறது.

செடியின் இயல்பு

குறிஞ்சியைத் தாவரவியலார் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்று பெயரிட்டு வழங்குவர். இஃது அகாந்தேசியே என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் நன்கறிந்த ஆடாதொடை, கனகாம்பரம், நீர்முள்ளி ஆகியனவும் இக்குடும்பத்தனவே. வெட்டவெளியான மேட்டுப் புல்வெளிகளில் குறிஞ்சி பெரும்பாலும் 30 முதல் 60 செ.மீ. உயரமுள்ள குறுஞ்செடியாக நிற்கும். ஈரமும் மண்வளமும் வாய்த்த இடங்களில் ஆளுயரத்திற்கு மேலும் வளர்வதுண்டு. மலர் மணி வடிவினது. நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தது. தனி மலராகப் பார்க்கும்போது அது வியப்பூட்டுவதன்று. மலைச்சரிவு முழுதும் ஒருசேரப் பூக்கும்போதே அதன் பெருமை புலப்படுகிறது.

குறிஞ்சி என்னும் பெயர் பண்டைக்காலத்தில் இவ்வொரு செடியை மட்டும் குறித்ததா, இதன் இனமான பிற செடிகளையும் குறித்ததா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினத்தில் பல சிற்றினங்கள் மேற்குத்தொடர்ச்சி மலையில் உள்ளன. அவற்றுள் சில ஆண்டுதோறும் பூக்கும். சில பல ஆண்டு இடைவெளிகளில் பூக்கும். நீண்ட இடைவெளியில் ஒருசேரப் பூக்கும் இயல்பு இப்பேரினத்திற்கே உரிய சிறப்புகளுள் ஒன்று. ஆயினும் இன்றைய வழக்கில் குறிஞ்சி, நீலக்குறிஞ்சி என்னும் பெயர்கள் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானாவையே சுட்டுகின்றன. இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகிறது.

சங்கப் பாடல்களுள் குறிஞ்சிப்பூவைக் குறிப்பனவற்றில் பெரிதும் அறியப்பட்டது குறுந்தொகையின் மூன்றாம் பாடலாகும். தலைவனோடு கொண்ட நட்பின் பரப்பையும் உயரத்தையும் ஆழத்தையும் கூறும் அப்பாடல், கரிய தண்டினையுடைய குறிஞ்சியின் பூவிலிருந்து தேன் திரட்டப்படுவதைச் சொல்கிறது. தண்டின் நிறம், மலைச்சரிவு, தேன் ஆகிய மூன்றும் அங்கு ஒன்றாக அமைந்துள்ளன. 12 ஆண்டுச் சுழற்சி பற்றி அப்பாடல் எதுவும் கூறவில்லை. எனவே, நெடுங்காலம் காத்திருந்து பூக்கும் பூ என்னும் இன்றைய புகழை அப்பாடலின் மீது ஏற்றிப் பொருள் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் பூவும் தேனீயும் கொண்ட உறவை அப்பாடல் நுட்பமாகக் கண்டுள்ளது என்பதில் ஐயமில்லை. குறிஞ்சியின் மகரந்தச் சேர்க்கையில் முதன்மையான பங்கு வகிப்பது இந்தியத் தேனீ என்று இக்கால ஆய்வுகளும் காட்டுகின்றன.

பூப்புச் சுழற்சி

குறிஞ்சி தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கிறது. விதையிலிருந்து முளைத்த செடி 12 ஆண்டுகள் இலையும் தண்டுமாக வளர்கிறது. பன்னிரண்டாம் ஆண்டின் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, ஆகஸ்டு முதல் அக்டோபர் வரையிலான காலத்தில், அப்பகுதிச் செடிகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே வேளையில் பூக்கின்றன. காய் முற்றி வெடித்து விதை சிதறியபின் தாய்ச்செடி காய்ந்து மடிகிறது. அடுத்துவரும் மழையில் புதிய தலைமுறை முளைக்கிறது. மூங்கில் பூத்து மடிவதை அறிந்தவர்களுக்கு இவ்வியல்பு புதிதன்று.

இவ்வாறு ஒருசேரப் பூப்பதன் பயன் குறித்து அறிவியலார் கூறும் விளக்கம் எளியது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் பூத்துக் காய்த்தால் விதையுண்ணும் உயிர்கள் அவ்வளவையும் தின்றுவிடக் கூடும். பல்லாண்டுக்கு ஒருமுறை அளவிறந்த விதைகள் ஒருங்கே உதிரும்போது, உண்பவை உண்டது போக மிஞ்சுவது ஒரு தலைமுறைக்குப் போதுமானதாகும். தேனீக்களுக்கும் இது பொருந்தும். அவை நிறைவுறத் தேன் பெற்ற பின்னும் மலர்கள் எஞ்சியிருக்கும்.

மூணாறு, கொடைக்கானல் பகுதிகளின் பூப்பு ஆண்டுகள் 1838 தொடங்கி அறியப்பட்டுள்ளன. 1838 முதல் 2018 வரையிலான 180 ஆண்டுகளில் 16 பூப்புகள் நிகழ்ந்துள்ளன. அண்மைக்காலத்தில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் இம்மலைகள் நீலம் பூண்டன. அடுத்த பெரும்பூப்பு 2030-இல் எதிர்நோக்கப்படுகிறது. இவ்வாண்டுகளில் அடங்காமல் வேறு ஆண்டுகளில் பூக்கும் சில தொகுதிகளும் பிற இடங்களில் உண்டு. பழனிமலைப் பகுதியில் வாழும் பளியர் தம் அகவையைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு கணக்கிட்டனர் என்பர். நிறைவாழ்வு வாழ்ந்த ஒருவர் ஆறு அல்லது ஏழு பூப்புகளையே காண இயலும் என்று எண்ணிப் பார்த்தால் அக்கணக்கின் பொருத்தம் விளங்கும்.

இச்சுழற்சியில் காப்புக்கு இன்றியமையாத ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஒரு சரிவில் நிற்கும் குறிஞ்சிச் செடிகள் பொதுவாக ஒத்த அகவையின. ஆண்டுதோறும் காய்க்கும் மரக்காட்டில் முதிய மரங்கள் வெட்டப்பட்டாலும் இளங்கன்றுகள் எஞ்சும். குறிஞ்சிச் சரிவில் அவ்வாறு எஞ்சுவதற்கு இடமில்லை. பத்தாம் ஆண்டில் அச்சரிவு உழப்பட்டாலோ எரிந்துபோனாலோ, பத்தாண்டு வளர்ந்த ஒரு தலைமுறை விதை ஒன்றும் ஈனாமலே முடிந்துவிடும். இழப்பு நேர்ந்தது என்பதும் அடுத்த பூப்பாண்டில்தான் புறத்தார் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் அந்நிலத்தில் வேறொன்று நிலைத்திருக்கும்.

வாழிடம்: சோலையும் புல்வெளியும்

குறிஞ்சி மலைச்செடி என்பதால் அது காட்டுச்செடி என்று கருதுவது பொதுவான பிழையாகும். அடர்ந்த மரநிழல் அதற்கு ஏற்றதன்று. மேற்குத்தொடர்ச்சி மலையின் உயர்பகுதிகளில் நிலம் இருவகையாக அமைந்துள்ளது. மலைமடிப்புகளிலும் நீரோடும் பள்ளங்களிலும் குட்டையான, பசுமை மாறாத மரங்கள் செறிந்த காடு காணப்படும். இதுவே சோலை. அவற்றைச் சூழ்ந்த மேடுகளிலும் சரிவுகளிலும் பரந்த புல்வெளி விரிந்திருக்கும். இவ்விரண்டும் கலந்த நிலவமைப்பைக் குறிக்க உலகச் சூழலியலார் தமிழ்ச் சொல்லாகிய சோலை என்பதையே தம் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டனர் என்பது தமிழாய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியாகும். குறிஞ்சி இவ்வமைப்பில் புல்வெளிக்கும் சோலையின் விளிம்புக்கும் உரியது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலுக்கென 2024-இல் வெளிவந்த மதிப்பீடு இச்செடியின் பரவலைத் தெளிவுபடுத்தியுள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் 1,340 முதல் 2,600 மீட்டர் வரையிலான உயரத்தில், தென்மேற்கு இந்தியாவின் உயர்மலைகளில் மட்டுமே இது வாழ்கிறது. மொத்தம் 34 தொகுதிகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் 33 மேற்குத்தொடர்ச்சி மலையிலும், ஒன்று கிழக்குத்தொடர்ச்சி மலையைச் சார்ந்த ஏர்க்காட்டுச் சேர்வராயன் மலையிலும் உள்ளன. நீலகிரி, மூணாறு, பழனி, ஆனைமலைப் பகுதிகள் இதன் முதன்மையான உறைவிடங்களாகும்.

ஆகவே குறிஞ்சியின் அருமை இருவகையானது. ஒன்று இடத்தால் வந்தது; உலகில் வேறெங்கும் இயற்கையாக இது வளர்வதில்லை. மற்றொன்று காலத்தால் வந்தது. 12 ஆண்டுகளில் சில மாதங்கள் மட்டுமே இது தன்னை வெளிப்படுத்துகிறது. தனக்குரிய சரிவில் ஆயிரக்கணக்கில் நிற்கும் ஒரு செடியை அரியது என்று கூறலாமா என்னும் வினாவுக்கு இதுவே விடை.

இப்புல்வெளி குறிஞ்சிக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு இப்புல்லை மேய்ந்தே வாழ்கிறது. மழைநீரைப் புல்வேரும் மண்ணும் உள்வாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. பவானிக்கும் அமராவதிக்கும் நீரூட்டும் ஓடைகள் பல இத்தகைய உயர்நிலங்களில் தோன்றுபவை. கொங்குச் சமவெளியின் வயலுக்கும் குறிஞ்சி பூக்கும் மேட்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வாற்றுநீர் வழியே அமைந்துள்ளது.

வாழிட இழப்பின் வரலாறு

உயர்மலைப் புல்வெளி சுருங்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில் ஆகும். ஆங்கிலேயர் நீலகிரியிலும் பழனிமலையிலும் குடியேற்றங்களை அமைத்தபோது, மரமற்ற அச்சரிவுகள் அவர்களுக்குப் பயன்படாத வெற்றிடங்களாகத் தோன்றின. வரி தராத நிலம், விறகு தராத நிலம் என்பதே அன்றைய ஆட்சியாளரின் மதிப்பீடு. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட மரங்கள் இங்கு ஊன்றப்பட்டன. நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்று வழங்கும் யூகலிப்டசும், சீகை மரம் என்று வழங்கும் வாட்டிலும் அவற்றுள் முதன்மையானவை. தேயிலைத் தோட்டங்கள் ஒருபுறம் சரிவுகளை நிரப்பின. மூணாறு மலைகளிலும் அந்நூற்றாண்டின் இறுதியில் தோட்டப்பயிர் பரவியது.

விடுதலைக்குப் பின்னும் இப்போக்கு மாறவில்லை. தோல் பதனிடுவதற்குரிய பட்டைக்காகச் சீகையும், செயற்கை இழை ஆலைகளுக்குரிய மரக்கூழுக்காகக் கற்பூர மரமும் புல்வெளிகளில் அரசின் திட்டங்கள் வழியாகவே பெருமளவில் நடப்பட்டன. பைன் மரங்களும் சேர்ந்தன. பழனிமலைப் புல்வெளியைச் செயற்கைக்கோள் படங்களின் துணையால் ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைக் காட்டியது. மரத்தோப்புகளும் வேளாண்மையுமே அதற்குக் காரணங்களாகும். குறிஞ்சியைப் பொறுத்தவரை அதன் வாழிடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இழக்கப்பட்டுவிட்டது என்று முற்கூறிய செம்பட்டியல் மதிப்பீடு கணித்துள்ளது. அம்மதிப்பீட்டின்படி குறிஞ்சி அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. மிக அருகிய இனம், அருகிய இனம் என்பவற்றுக்கு அடுத்த நிலை இதுவாகும்.

இவ்விழப்பில் இரண்டு கூறுகள் சிறப்பாகக் கருதத்தக்கன. முதலாவது, அயல்மரங்கள் நட்ட இடத்தோடு நிற்பதில்லை. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் முளைப்புத்திறன் மாறாமல் கிடக்கும். மரத்தை வெட்டி அகற்றினாலும், நிலம் கிளறப்பட்டாலும், தீப் பரவினாலும் அவ்விதைகள் திரளாக முளைத்தெழும். எனவே ஒருமுறை தோப்பாக மாறிய நிலத்தை மீண்டும் புல்வெளியாக்குவது பல்லாண்டு உழைப்பை வேண்டும் பணியாகும். இருக்கும் புல்வெளியைக் காப்பது இழந்ததை மீட்பதினும் எளிது.

இரண்டாவது, இவ்வழிவு பசுமையின் தோற்றத்தில் நிகழ்கிறது. காடு அழிந்தால் காண்பார்க்கு உடனே தெரியும். புல்வெளி அழிந்து அங்கே மரத்தோப்பு நின்றால், சுற்றுலா வருவோர் அதனை இயற்கை வனப்பு என்றே கொள்வர். மரம் நடுதல் எங்கும் எப்போதும் நன்று என்னும் பொதுக்கருத்தும் இதற்குத் துணைபோகிறது. மரமில்லாமையே இயல்பாக அமைந்த நிலங்களும் உண்டு. அங்கு மரம் நடுவது வாழிட அழிப்பாகும் என்னும் உண்மை இன்னும் பரவலாக உணரப்படவில்லை.

இவற்றோடு நகர்வளர்ச்சி, விடுதிக் கட்டடங்கள், சாலைகள், காய்கறிச் சாகுபடி, கோடைத்தீ ஆகியனவும் எஞ்சிய சரிவுகளை நெருக்குகின்றன.

காப்பு முயற்சிகளும் அவற்றின் காலமும்

குறிஞ்சியைக் காக்கும் முயற்சிகள் நடைபெறவில்லை என்று கூறுவது முறையன்று. மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வரையாட்டுக்கென எடுக்கப்பட்ட அந்நடவடிக்கை, ஒரு பெரும் புல்வெளியையும் அதிலுள்ள குறிஞ்சியையும் ஒருங்கே காத்தது. 1989-இல் இயற்கை ஆர்வலர் சிலர் குறிஞ்சியைக் காக்கவேண்டும் என்னும் முழக்கத்தோடு கொடைக்கானலிலிருந்து மூணாற்றுக்கு நடைப்பயணம் மேற்கொண்டனர். 2006-இல் இந்திய அஞ்சல் துறை குறிஞ்சிக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் கேரள அரசு இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் வட்டவடை, கொட்டகாம்பூர் ஊர்ப்பகுதிகளில் ஏறத்தாழ 3,200 எக்டேர் பரப்பைக் குறிஞ்சிமலைக் காப்பிடமாக அறிவித்தது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபோது, காக்கப்படும் தாவரங்களுக்குரிய மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சியும் இடம்பெற்றது. அயல்தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கை ஒன்றைத் தமிழ்நாடு அரசும் 2022-இல் வெளியிட்டது.

இவ்வாண்டுகளைப் பூப்பு ஆண்டுகளோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். காப்பிட அறிவிப்பும் அஞ்சல்தலையும் 2006 என்னும் பூப்பாண்டில் அமைந்தன. மக்கள் திரளும், நாளிதழ்ச் செய்திகளும், அமைச்சர்களின் உரைகளும் அவ்வாண்டில் மலைக்கு வந்தன. அறிவிப்புக்குப் பின் நிகழவேண்டிய எல்லை அளவீடும் நில உரிமைத் தீர்வும் பூவாத ஆண்டுகளுக்கு விடப்பட்டன. அப்பணிகள் நெடுங்காலம் இழுபட்டன; 2018-ஆம் ஆண்டின் பூப்பு நெருங்கியபோது அச்சிக்கல் மீண்டும் பேசுபொருளானது.

வட்டவடைப் பகுதியில் வாழும் உழவர்களின் நிலையையும் இங்குக் கருதவேண்டும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அவ்வூர்களில் தமிழ் பேசும் உழவர் பலர் தலைமுறைகளாகக் காய்கறியும் பூண்டும் விளைவித்து வருகின்றனர். தம் நிலத்தின் உரிமை உறுதிப்படாத நிலையில், காப்பிடம் என்னும் சொல் அவர்களுக்கு அச்சம் தருவது இயல்பே. உழவரின் பட்டாவும் குறிஞ்சியின் சரிவும் தெளிவாக வரையறுக்கப்படாத வரையில் இரண்டிற்கும் பாதுகாப்பு இல்லை. ஆகவே செடியைக் காப்பதும் உழவர்க்கு நீதி வழங்குவதும் தம்முள் முரணான பணிகள் அல்ல. இரண்டும் ஒரே அளவீட்டுப் பணியின் இரு பயன்களாகும்.

1989-ஆம் ஆண்டின் நடைப்பயணம் 1982-க்கும் 1994-க்கும் இடைப்பட்ட ஒரு பூவாத ஆண்டில் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பூவைக் காணச் சென்றவர்கள் அல்லர் அவர்கள். பூக்க இருக்கும் நிலத்தைக் காணச் சென்றவர்கள். காப்புப்பணியின் சரியான காலம் எது என்பதை அப்பயணம் உணர்த்துகிறது.

முதற்பொருளும் கருப்பொருளும்

தொல்காப்பிய அகத்திணையியல் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். தொல்காப்பியர் தொகுத்துரைக்கும் இப்பட்டியலில் பூ வெளிப்படையாகக் கூறப்படவில்லை. இவை போன்ற பிறவும் கருப்பொருளாகும் என்று அவர் இடம் விட்டுச் செல்கிறார். பின்வந்த நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருள்களைப் 14 எனத் தொகுத்து அவற்றுள் பூவையும் நீரையும் சேர்க்கிறது. ஆகவே குறிஞ்சிப்பூ, குறிஞ்சித் திணையின் பெயராக இருப்பினும், இலக்கண நோக்கில் அது கருப்பொருள்களுள் ஒன்றே.

பாடலுள் பயிலும்போது முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது தொல்காப்பியர் கருத்து. இவ்வரிசை கவிதைக்கு உரியது. உரிப்பொருளை உணர்த்துவதே பாடலின் நோக்கமாதலின் அங்கு உரி தலைமை பெறுகிறது. உலகியலில் இவ்வரிசை தலைகீழாக அமைகிறது. நிலமும் பொழுதும் இன்றிக் கருப்பொருள் தோன்றாது; கருப்பொருள் இன்றி அதனைச் சார்ந்த மக்கள் வாழ்வு அமையாது. முதல் என்னும் சொல்லின் பொருளே இதற்குச் சான்று. இன்றைய காப்பு முயற்சிகளில் காணும் குறை, கவிதைக்குரிய வரிசையை உலகியலுக்குக் கொண்டதனால் விளைந்தது எனலாம். பூவைப் போற்றுகிறோம், அது நிற்கும் நிலத்தையும் அது காத்திருக்கும் பொழுதையும் போற்றத் தவறுகிறோம்.

மற்றொரு நூற்பாக் கருத்தும் இங்கு நோக்கத்தக்கது. ஒரு நிலத்திற்குரிய பூவும் பறவையும் அந்நிலத்திலும் பொழுதிலும் அல்லாமல் வேறிடத்து வந்தாலும், வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பியம் இடமளிக்கிறது. புலவர் பூவை நிலம் விட்டு நிலம் பெயர்க்கலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் ஒரே பாறையில் குவிக்கப்படுவதும் அவற்றுள் குறிஞ்சி ஒன்றாக இடம்பெறுவதும் கவிதைக்கு உரிய உரிமையாகும். ஆனால் இயற்கை அவ்வுரிமையை நமக்கு வழங்கவில்லை. மலைப்பூங்கா ஒன்றில் சில குறிஞ்சிச் செடிகளை நட்டு வளர்த்தல் இயலும். அச்செடியோடு புல்வெளியும், தேனீக் கூட்டமும், விதை சிதறி முளைக்கும் பரப்பும், ஆயிரமாயிரம் செடிகள் ஒருசேரப் பூக்கும் நிகழ்வும் பூங்காவுக்குப் பெயர்ந்து வருவதில்லை. திணைமயக்கம் பாடலில் அழகு. வாழிடத்தில் அது இழப்பு.

பொழுது பற்றியும் ஒரு குறிப்புத் தேவைப்படுகிறது. குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் ஆகும். குறிஞ்சிப் பூப்போ பெரும்பாலும் கார்காலத்தில் நிகழ்ந்து கூதிரின் தொடக்கத்தோடு ஓய்கிறது. திணை இலக்கணம் தாவரவியல் நூலன்று என்பதற்கு இதுவே போதிய சான்று. திணைக்கோட்பாட்டில் இக்கால அறிவியல் முழுதும் அடங்கியுள்ளது என்று பெருமை கொள்ளுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் உயிரை அதன் நிலத்தோடும் காலத்தோடும் சேர்த்தே எண்ணவேண்டும் என்னும் சிந்தனைமுறை அக்கோட்பாட்டில் உள்ளது. அச்சிந்தனைமுறையே இன்று நமக்கு வேண்டப்படுவது.

தமிழாய்வின் பங்கு

குறிஞ்சி பிற்காலத் தமிழ் வாழ்விலும் தொடர்ந்து இடம்பெற்றுள்ளது. கொடைக்கானலிலுள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-இல் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஈழத்துப் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவநெறியை மேற்கொண்ட லீலாவதி அம்மையார் அதனை எழுப்பினார். மலைநிலத் தெய்வமாகிய முருகன் அங்குப் பூவின் பெயரால் வழங்கப்படுகிறான். ராஜம் கிருஷ்ணன் தம் குறிஞ்சித்தேன் என்னும் புதினத்தில் நீலகிரிப் படகர் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தைக் குறிஞ்சிப் பூப்பின் சுழற்சியோடு இணைத்துக் கூறினார். நிலத்தின் பயன்பாடு மாறும்போது மக்கள் வாழ்வும் மாறுவதை அப்புதினம் காட்டுகிறது. சூழலியல் தரவுகள் கூறும் அதே மாற்றத்தை மனித வாழ்வின் பக்கமிருந்து அறிய இத்தகைய படைப்புகள் துணைசெய்கின்றன.

தமிழாய்வாளர் செய்யத்தக்க பணிகள் மூன்று எனத் தோன்றுகிறது. முதலாவது, குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும்போது மலை என்பதைக் காடு என்னும் ஒற்றைப் படிமமாகச் சுருக்காமல், சோலையும் புல்வெளியும் சரிவும் சுனையும் கொண்ட பன்மை நிலமாக விளக்குதல். இரண்டாவது, மலைவாழ் மக்களின் வழக்கிலுள்ள புல், செடி, சரிவு, மழை, தேன் பற்றிய சொற்களைத் தொகுத்தல். புல்வெளி மறையும்போது அதன் பகுதிகளுக்குரிய பெயர்களும் மறைகின்றன. செடியை மீட்பவர் உளரெனினும் சொல்லை மீட்பவர் தமிழ்த்துறையினரே. மூன்றாவது, பூக்கும் ஆண்டுக்குக் காத்திராமல் பூவாத ஆண்டுகளிலேயே மாணவர்களை அந்நிலத்திற்கு அழைத்துச் செல்லுதல். 2006, 2018 ஆகிய இரு பூப்புகளும் மாணவப் பருவத்தில் நிகழ்ந்திருந்தும், இக்கட்டுரையாளர் குறிஞ்சியைப் பாடநூல் வழியாகவே முதலில் அறிந்தார். இது தனி ஒருவர் நிலையன்று. இத்துறையில் பயில்வோர் பலரின் நிலையும் இதுவே.

முடிவுரை

குறிஞ்சி உயர்மலைப் புல்வெளிக்கு உரிய செடி, காட்டுச்செடி அன்று. வாழ்நாளில் ஒருமுறை பூத்து மடியும் இயல்பால், ஒரு தலைமுறை இடையில் அழியின் அச்சரிவில் அதன் தொடர்ச்சி அறுகிறது. தேயிலை, அயல்மரத் தோப்பு, வேளாண்மை, நகர்வளர்ச்சி ஆகியவற்றால் அதன் வாழிடத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இழக்கப்பட்டுவிட்டது. சட்டமும் காப்பிடமும் வந்துள்ளன. ஆயினும் அவற்றின் வேகம் பூப்பாண்டோடு எழுந்து பூப்பாண்டோடு ஓய்கிறது. கருப்பொருளைக் காப்பதற்கு முதற்பொருளைக் காப்பதன்றி வேறு வழியில்லை என்பதே திணைநோக்கு தரும் தெளிவு.

2018-இல் பூத்த செடிகளின் விதையிலிருந்து எழுந்த தலைமுறை இப்போது அச்சரிவுகளில் பூவின்றி நிற்கிறது. காண்பார்க்கு அது பெயரறியாப் புதரே. 2030-இல் மலை நீலமாகுமா என்பதை முடிவு செய்வது இப்புதர் நிற்கும் நிலம் இவ்விடைப்பட்ட ஆண்டுகளில் எவ்வாறு பேணப்படுகிறது என்பதே ஆகும்.